விவசாயி பெயரில் வந்த கப்பல்

வெலிங்டன் தீவில் கடற்படை உண்டு, சுங்கத்துறை உண்டு, தேயிலை ஏலம் உண்டு, ஐந்து நட்சத்திர ஓட்டல் உண்டு. விவசாயி மட்டும் கிடையாது. இருக்கவும் வழியில்லை. கொச்சிக் காயலின் அடியிலிருந்து உறிஞ்சிக் கொட்டிய சேறும் மணலும்தான் தீவின் பெரும்பகுதி. அங்கே நெல் நட்டால் துறைமுகக்காரர்கள் வாடகை கேட்பார்கள்.

ஆனால் விவசாயியின் பெயர் அங்கே நன்றாகவே புழங்குகிறது. பாறை பாஸ்பேட் வந்து இறங்குகிறது. யாருக்கு என்றால், விவசாயிக்கு. கந்தகம் வருகிறது, விவசாயிக்குத்தான். பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரியில் உறைய உறையக் குளிர்ந்த அமோனியா வருகிறது, அதுவும் விவசாயிக்குத்தான். இதற்கெல்லாம் ஆகும் செலவில் பெரும் பங்கை விவசாயியை வாழவைப்பதற்காக மத்திய அரசு ஏற்கிறது. பணத்தை வாங்கிக்கொள்கிறவர் வேறொருவர்.

சுமையைத் தொடாமல் சும்மா நின்று பார்த்ததற்கே தொழிலாளிகள் நோக்குக்கூலி கேட்ட மாநிலம் கேரளம். 2018 மே மாதம் முதல் தேதியில்தான் அரசு அதற்குத் தடை போட்டது. அந்த வழக்கம் கொடிகட்டிப் பறந்த காலத்தில்கூட, தன் பெயரில் நடக்கும் கொடுக்கல் வாங்கலைப் பார்த்துக்கொண்டே நின்ற விவசாயிக்கு ஒரு பைசா நோக்குக்கூலி கிடைத்ததில்லை.

இந்த ஏற்பாடு தில்லி அதிகாரிகளின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. இதற்குப் பாரம்பரியம் இருக்கிறது.

முதலில் சாணக்கியர். அவர் பெயரில் வழங்கும் அர்த்தசாஸ்திரம், புதிதாகக் குடியேறும் உழவர்களுக்கு அரசன் தானியமும் மாடும் பணமும் கொடுத்து உதவ வேண்டும், அவர்கள் அதைச் சௌகரியப்பட்டபோது திருப்பித் தரலாம் என்கிறது. "சௌகரியப்பட்டபோது" என்று சொல்லி மைத்துனருக்குக் கடன் கொடுத்த எவருக்கும் அந்த மௌரியக் கடன்களின் கதி என்னவாகியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஒருவனையும் நம்பாதே என்று பக்கம் பக்கமாக எழுதிய மனிதர், உளவாளிக்கு உளவாளி வைக்கச் சொன்ன மனிதர், விவசாயக் கடன் என்று வந்ததும் இளகிவிட்டார். அடுத்து வந்த எல்லா அரசாங்கங்களும் அவருடைய அந்த ஒரு வரியை மட்டும் சிரத்தையாகப் பின்பற்றின.

அடுத்து முகமது பின் துக்ளக். தலைநகரை மாற்றியதற்கும் செப்புக் காசு அடித்ததற்கும் அவரைத் திட்டுகிறவர்கள் அவருடைய விவசாயத் திட்டத்தை மறந்துவிடுகிறார்கள். அதுதான் அவருடைய சாதனைகளிலேயே நவீனமானது. பஞ்சத்துக்குப் பிறகு தரிசு நிலத்தையெல்லாம் விளைநிலமாக்க வேண்டும் என்று தனி இலாகா திறந்தார். கிட்டத்தட்ட நூறு அதிகாரிகளை நியமித்தார். முப்பது குரோசம் நீளம், முப்பது குரோசம் அகலம், ஒரு சாண் விடாமல் பயிர். வேலையை ஒப்புக்கொண்டவர்களுக்குக் குதிரை, பட்டாடை, ரொக்கம். இரண்டு ஆண்டுகளில் சுமார் எழுபது லட்சம் தங்கா கொடுக்கப்பட்டதாக அவருடைய அரசவை வரலாற்றாசிரியர் பரணி எழுதுகிறார். ஒப்புக்கொண்ட நிலத்தில் நூறில் ஒரு பங்குகூடப் பயிராகவில்லை என்றும் அவரே எழுதுகிறார். குதிரையில் ஏறியவர்கள் பட்டாடையோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சுல்தான் பிற்பாடு சிந்துவுக்கு, தட்டா பக்கம் சண்டைக்குப் போனார். அவர் மட்டும் உயிரோடு திரும்பியிருந்தால் இந்த அதிகாரிகளில் ஒருவனும் மிஞ்சியிருக்க மாட்டான் என்பது பரணியின் அபிப்பிராயம். ஆனால் 1351-ல் சுல்தான் அங்கேயே இறந்துபோனார். அடுத்து வந்த ஃபிரோஸ் ஷா நல்ல மனிதர். மொத்தக் கடனையும் தள்ளுபடி செய்தார். இந்தியாவின் பெரிய விவசாயக் கடன் தள்ளுபடிகளில் ஒன்றான அதில் பயனடைந்தவர்கள் பட்டாடையோடு வீட்டுக்குப் போனவர்கள்.

வெள்ளைக்காரன் வந்தான். அவன் சட்டம் போடாமல் தும்மக்கூட மாட்டான் என்பதால், 1883-ல் நில அபிவிருத்திக் கடன் சட்டம், 1884-ல் விவசாயிகள் கடன் சட்டம் என்று இரண்டு போட்டான். நம் ஊரில் அதற்குத் தக்காவி என்று பெயர். கிணறு வெட்ட, மாடு வாங்க, விதை வாங்கக் கடன். கர்ணம் எழுத வேண்டும், தாசில்தார் பார்க்க வேண்டும், ஜாமீன் வேண்டும். ஆடிப்பட்டத்துக்கு விண்ணப்பம் போட்டவனுக்குத் தைக்குள் பணம் வந்தால் பாக்கியம். அதற்குள் அவன் உள்ளூர் வட்டிக்கடைக்காரரிடம் வாங்கியிருப்பான். சர்க்கார் கடன் வந்ததும் அதை எடுத்து வட்டிக்கடைக்குக் கட்டுவான். ஆக, விக்டோரியா மகாராணி தன் இந்தியக் குடிமக்களில் வட்டிக்கடைக்காரர்களையே விசேஷமாகக் கவனித்துக்கொண்டார்.

இதெல்லாம் நம் ஊர்ச் சாபம் என்று வருந்தவும் வேண்டாம். 1933-ல் அமெரிக்கா விவசாயிகளைக் காப்பாற்றக் கிளம்பியது. விளைச்சல் அதிகம், விலை இல்லை. ஆகவே விளைவிக்காமல் இருப்பதற்குப் பணம் கொடுத்தார்கள். வளர்ந்து நின்ற பருத்தியை உழுது அழித்தவனுக்குக் காசு. ஏறக்குறைய அறுபது லட்சம் பன்றிகளை, அதிலும் குட்டிகளாகப் பார்த்து, அரசாங்கமே வாங்கிக் கொன்றது. பருத்தியை மிதிக்க மாட்டேன் என்று கோவேறு கழுதைகள் முரண்டு பிடித்ததாக ஒரு கதை அந்த நாட்டில் இன்னும் உலவுகிறது. வரிசைக்கு நடுவே நடக்கத்தான் அவை பழக்கப்பட்டிருந்தனவாம். கொள்கை மாற்றத்தை அவற்றுக்கு யாரும் தெரிவிக்கவில்லை. பிற்பாடு அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு 2007-ல் கணக்குப் பார்த்தபோது, 1999 முதல் 2005 வரை 110 கோடி டாலர் மானியம் செத்துப்போன விவசாயிகளின் பெயரில் போயிருந்தது. செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்பது நம் பெருமை. செத்தும் வாங்கியவர்கள் அமெரிக்கர்கள்.

இந்தப் பின்னணியோடு கொச்சிக்கு வருவோம்.

மட்டாஞ்சேரிக்காரர்கள் பல நூறு ஆண்டுகளாக மிளகும் இஞ்சியும் ஏலமும் விற்றுக்கொண்டிருந்தார்கள். குறை ஒன்றே ஒன்று. துறைமுக வாயிலில் ஒரு மணல் திட்டு படுத்துக்கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நிற்க, சரக்கு தோணியில் போகும். மழைக்காலம் வந்தால் அதுவும் நின்றுவிடும். 1920-ல் சென்னை ஆளுநர் வெலிங்டன் பிரபு, ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரை வரவழைத்தார். மெட்ராஸ் சர்க்கார், கொச்சி ராஜ்ஜியம், திருவிதாங்கூர் என்று மூன்று வீட்டார் சுங்கப் பணத்துக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, நடுவில் இந்த மனிதர் சேறு வாரினார். வாரும் யந்திரக் கப்பலுக்கு "லார்ட் வெலிங்டன்" என்று பெயர். வாரிய சேற்றில் உருவான தீவுக்கும் வெலிங்டன் என்று பெயர். அதிகாரியைக் குளிர்விப்பதில் பிரிஸ்டோவுக்கு நம்மவர்கள் சொல்லித்தர ஒன்றும் பாக்கி இருக்கவில்லை. 1928 மே 26-ல் "பத்மா" என்ற கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. 780 ஏக்கர் புது நிலம் உருவானது. இந்தியாவில் ஒரு விவசாயியிடமிருந்தும் பிடுங்காமல் அரசாங்கத்துக்குக் கிடைத்த நிலம் அதுவாகத்தான் இருக்கும்.

1935 முதல் 1941 வரை கொச்சியின் திவான் நம் கோயம்புத்தூர்க்காரர் ஆர். கே. சண்முகம் செட்டியார். எர்ணாகுளத்தின் ஒரு பிரதான சாலை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. துறைமுகக் கணக்கில் கைதேர்ந்த அவர்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். 1947 நவம்பர் 26-ல் அவர் படித்த முதல் பட்ஜெட்டின் மொத்தச் செலவு 197.39 கோடி ரூபாய். அதிலேயே வெளிநாட்டுத் தானியத்தை வாங்கி நட்டத்துக்கு விற்பதற்கான மானியம் இருந்தது. ஆக, சுதந்திர இந்தியாவுக்கு மானியப் பழக்கம் தொட்டில் பழக்கம். சுடுகாடு மட்டும் வருமோ வராதோ, எல்லா நிதியமைச்சர்களையும் தாண்டி வந்திருக்கிறது.

கொச்சிக்குப் பக்கத்தில் ஏலூரில் அப்போது இன்னொரு கூத்து. திருவிதாங்கூர் திவான் சர் சி.பி.யின் ஆசியோடு திருச்சி சேஷசாயி சகோதரர்கள் 1943-ல் ஒரு உரக் கம்பெனி பதிந்தார்கள். அதுதான் இன்றைய ஃபாக்ட். உலகமே நிலக்கரியிலிருந்து உரம் எடுத்தது. இங்கே நிலக்கரி ஏது? காடுதான் இருந்தது. ஆகவே விறகை வேகவைத்து வாயு எடுத்து, அதிலிருந்து அம்மோனியம் சல்ஃபேட் செய்தார்கள். 1947-ல் உற்பத்தி ஆரம்பம், ஆண்டுக்கு 50,000 டன் தயாரிக்கும் திறன். மரத்தை வெட்டி எரித்துப் பயிரைப் பச்சையாக்கும் அந்த முறையைச் சுற்றுச்சூழல்காரர்கள் அன்று கேள்விப்படாதது அதிர்ஷ்டம். அன்று சுற்றுச்சூழல்காரர்களே இல்லாதது அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம்.

அறுபதுகளில் நாடு கப்பல் வந்தால்தான் சோறு என்ற நிலையில் இருந்தது. கோதுமை அமெரிக்காவிலிருந்து வர வேண்டும். ஒவ்வொரு கப்பலோடும் ஒரு புத்திமதியும் சேர்ந்து வரும். 1964-ல் உணவு அமைச்சரான பொள்ளாச்சிக்காரர் சி. சுப்பிரமணியம் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தார். புது ரகம், நிறைய உரம், நியாயமான விலை என்பது அவருடைய கட்சி. அந்நியச் செலாவணிக்கு எங்கே போவது என்பது நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரியின் கட்சி. இரண்டு பேரும் தமிழர்கள், இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். ஆகவே ஒத்துப்போவதற்கான சாத்தியம் குறைவு. 1965 பொங்கல் சமயத்தில் இந்திய உணவுக் கழகம் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்தது. 1966-ல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதை இறக்குமதியானது. அமைச்சர் தன் தில்லி பங்களாவின் புல்வெளியையே உழுது கோதுமை விதைத்துக் காட்டினார். தன் கொள்கையைத் தன் வீட்டு வாசலிலேயே பரிசோதித்துப் பார்த்த அமைச்சர்களின் பட்டியல் அத்தோடு முடிகிறது.

புது ரகங்கள் குட்டையாக இருந்தன. ஆனால் நன்றாகச் சாப்பிட்டன. அவற்றுக்கு யூரியா வேண்டும். யூரியாவுக்கு நாஃப்தாவோ எரிவாயுவோ வேண்டும். 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் விலையைத் தூக்கின. 1974-ல் இங்கே உர விலையை ஏற்றினார்கள். விவசாயி உரம் வாங்குவதைக் குறைத்துக்கொண்டார். அரசுக்குப் பயம் வந்தது. எஸ். எஸ். மராத்தே தலைமையில் குழு போட்டார்கள். குழுவின் யோசனைப்படி 1977 நவம்பரில் பிறந்தது "தக்கவைப்பு விலை" திட்டம்.

இந்தத் திட்டத்தின் அழகை நிதானமாகத்தான் ரசிக்க வேண்டும். விவசாயிக்கு ஒரே விலை. ஆனால் ஒவ்வொரு ஆலைக்கும் அதனதன் செலவுக்கு ஏற்றபடி தனித்தனி விலை. அதற்கு மேல், முதலீட்டின் மீது வரி போக 12 சதவீத லாபம். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை அரசு கொடுக்கும். தில்லியில் அன்று நடந்திருக்கக்கூடிய உரையாடலை ஊகிப்பது கஷ்டமில்லை.

"உங்க ஆலையில ஒரு டன் யூரியாவுக்கு என்ன செலவாகுது?"

"கொஞ்சம் ஜாஸ்திதான் சார். மெஷின் பழசு."

"சரி, அதைக் கொடுத்துடுறோம். லாபம்?"

"நீங்க பார்த்துச் செய்யுங்க சார்."

"பன்னிரண்டு போதுமா? அடுத்த வருஷம் செலவு கூடினா?"

"கூடும் சார்."

"அதையும் கொடுத்துடுறோம். செலவு குறைஞ்சா மட்டும் எங்களுக்குச் சொல்லுங்க."

"அப்படி எதுவும் நடக்காது சார்."

ஒரே யூரியா, ஒரே வெள்ளைக் குருணை, நாடு முழுக்க ஆலைக்கு ஒரு விலை. சிக்கனமாக நடத்துகிறவனுக்குக் குறைவாகவும், தண்டச் செலவு செய்கிறவனுக்கு நிறையவும் கிடைத்தது. இந்தப் பணம் முழுவதும் பட்ஜெட்டில் விவசாயிகளுக்கான மானியம் என்று எழுதப்பட்டது. எழுதப்பட்ட இடத்தையும் கவனிக்க வேண்டும். விவசாயிக்கான அந்தப் பெரும் மானியம் வேளாண் அமைச்சகத்தின் கணக்கில் வராது. ரசாயன, உர அமைச்சகத்தின் கணக்கில் வரும். பணம் எங்கே போகிறது என்ற அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அரசு ஒளிவுமறைவு வைக்கவில்லை. நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: அதனால்தான் நாட்டில் ஆலைகள் எழுந்தன, யூரியா கிடைத்தது, நெல் விளைந்தது. கப்பலைப் பார்த்துச் சோறு வடித்த நாடு அரிசியை ஏற்றுமதி செய்தது. மானியம் வேலை செய்தது. அதைப் பட்டுவாடா செய்த விதத்தில்தான் துக்ளக் வாசனை.

1991 ஜூலை 24-ல் மன்மோகன் சிங் எழுந்து உர விலையை 40 சதவீதம் ஏற்றினார். நாடாளுமன்றம் எகிறியது. எல்லாக் கட்சிகளிலும் திடீரென்று விவசாயிகள் முளைத்தார்கள். 40 சதவீதம் 30 ஆனது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் பாஸ்பேட், பொட்டாஷ் உரங்களைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்து, யூரியா விலையைப் பத்து சதவீதம் குறைத்தார்கள். விளைவு ஊர் அறிந்தது. பாஸ்பேட் உரமான டிஏபியின் விலை எகிற, விவசாயி யூரியாவையே அள்ளிப் போட்டார். பயிருக்குத் தழை, மணி, சாம்பல் என்று மூன்று சத்து வேண்டும். மண்ணுக்கு எது தேவை என்பதை மண் தீர்மானித்த காலம் போய், நிதியமைச்சகம் தீர்மானித்தது.

இந்தச் சமயத்தில் வெலிங்டன் தீவு செய்தியில் அடிபட்டது. இறக்குமதி அமோனியாவுக்காக ஃபாக்ட் அங்கே 10,000 டன் தொட்டி ஒன்றை வைத்திருந்தது. அங்கிருந்து ஏலூருக்கு அமோனியா போகும். போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு இப்படி ஒரு தொட்டி, கடற்படைக்கும் நகரத்துக்கும் நடுவில் இருக்கலாமா என்று வழக்கு வந்தது. 1994-ல் கேரள உயர் நீதிமன்றம் தொட்டியைக் காலி செய்யச் சொன்னது. பதறிப்போய் ஏலூரில் நாளொன்றுக்கு 900 டன் அமோனியா செய்யும் ஆலை கட்டினார்கள். கடனை வாங்கிக் கட்டி 1998-ல் அதை ஓட்ட ஆரம்பித்தால், வெளிநாட்டு அமோனியா மலிவாகக் கிடைத்தது. கட்டிய ஆலையின் கடன் கம்பெனியின் கழுத்தைப் பிடித்தது. 2016-ல் மத்திய அரசு 1,000 கோடி ரூபாய் கடன் கொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. இறக்குமதி அமோனியா இன்றும் அதே தீவில்தான் இறங்குகிறது, காயல் வழியாக ஏலூருக்குப் போகிறது. இதில் பாலக்காட்டு நெல் விவசாயி எங்கே வந்தார் என்று கேட்டால், அவருக்காகத்தானே இவ்வளவும் என்பார்கள்.

வந்த கப்பலுக்கே இந்தப் பாடு. வராத கப்பலின் கதை இன்னும் விசேஷம். 1995-ல் நேஷனல் ஃபெர்டிலைசர்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் கர்சன் என்ற துருக்கிக் கம்பெனியிடம் இரண்டு லட்சம் டன் யூரியா கேட்டது. முழுப் பணத்தையும், சுமார் 133 கோடி ரூபாயை, முன்னதாகவே அனுப்பிவிட்டது. நம் ஊரில் கல்யாணச் சமையல்காரருக்குக்கூடப் பாதிதான் முன்பணம் கொடுப்போம். யூரியா ஒரு குருணைகூட வரவில்லை. சட்டம் மட்டும் வந்தது, அதுவும் நிதானமாக: 2018-ல்தான் தில்லி நீதிமன்றம் குற்றவாளிகளுக்குத் தண்டனை விதித்தது. பரணி இருந்திருந்தால், இவர்களுக்குக் குதிரையும் பட்டாடையும்கூட வேண்டியிருக்கவில்லையே என்று வியந்திருப்பார்.

வந்த யூரியாவும் வயலுக்கு மட்டும் போகவில்லை. பிளைவுட் பசைக்கு யூரியா வேண்டும், பால் கலப்படக்காரனுக்கும் வேண்டும். மானிய விலையில் கிடைக்கும்போது யார் விடுவார்கள்? 2015-ல் எல்லா யூரியாவிலும் வேப்பெண்ணெய் பூசு என்று உத்தரவு வந்தது. பாட்டி வைத்தியம் கடைசியில் தேசியக் கொள்கையானது. 2018-ல் மூட்டையை 50 கிலோவிலிருந்து 45 கிலோ ஆக்கினார்கள். விவசாயி கிலோ பார்த்துப் போடுவதில்லை, மூட்டை பார்த்துத்தான் போடுகிறார் என்ற கணக்கு அது. ஒரு தேசத்தின் மண்வளக் கொள்கை சாக்கின் அளவைக் குறைப்பதில் போய் முடிந்தது.

அதே ஆண்டில் "நேரடிப் பயன் பரிமாற்றம்" நாடெங்கும் உரக்கடைகளுக்கு வந்து சேர்ந்தது. கடையில் ஒரு கையடக்க மிஷின். ஆதார் எண் சொல்லி விரல் வைக்க வேண்டும். சேற்றில் இறங்கி வேலை செய்து ரேகை தேய்ந்த விரலை மிஷின் நாலு தடவை நிராகரிக்கும். கடைக்காரர் "துடைச்சிட்டு வைங்கண்ணே" என்பார். ஐந்தாவது தடவை ஏற்கும். உடனே மானியம் நேரடியாகப் போய்விடும். எங்கே? உரக் கம்பெனிக்கு. சமையல் எரிவாயுவில் மானியம் நுகர்வோர் கணக்கில் ஏறியது. உரத்தில் விரல் மட்டும் விவசாயியுடையது. 266 ரூபாய் 50 காசு கொடுத்து யூரியா மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் வெளியே போவார். 2022-23-ல் மட்டும் இப்படிப் போன மானியம் சுமார் 2.5 லட்சம் கோடி ரூபாய். அந்த ஆண்டு அக்டோபரில் "ஒரே நாடு ஒரே உரம்" என்று எல்லா மூட்டைக்கும் "பாரத்" பெயர் சூட்டினார்கள். சாக்கின் முகப்பில் மூன்றில் இரண்டு பங்கு அரசுத் திட்டத்துக்கு, ஒரு பங்கு கம்பெனிக்கு. விவசாயியின் பெயர் எழுத இடம் மிஞ்சவில்லை.

வெலிங்டன் தீவிலிருந்து கொஞ்ச தூரம் போனால் கடமக்குடி, ஏழிக்கரை பக்கம் பொக்காளி வயல்கள். உப்புநீரைத் தாங்கும் நெல். மழைக்காலத்தில் நெல், அறுத்த பிறகு அதே வயலில் இறால். கதிரை மட்டும் கொய்துவிட்டுத் தாளை விட்டுவிடுவார்கள். அது அழுகி இறாலுக்குத் தீனி. இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரம். அந்த விவசாயிக்கு யூரியாவே தேவையில்லை. ஆகவே இரண்டரை லட்சம் கோடியில் அவர் பங்கு பூஜ்யம். ஒன்றும் கேட்காமல் ஒழுங்காக இருப்பவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்பது அரசாங்கக் கஜானாவுக்கு மட்டுமல்ல, கல்யாணப் பந்திக்கும் பொருந்தும் பொது விதி.

சரி, சுற்றிவளைக்காமல் விவசாயி கையிலேயே பணத்தைக் கொடுத்தால் என்ன? அறிஞர்கள் ரொம்ப நாளாகக் கேட்ட கேள்வி. 2019 பிப்ரவரி 24-ல் கோரக்பூரில் பி.எம். கிசான் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, நேராக வங்கிக் கணக்குக்கு. ஆலை இல்லை, கப்பல் இல்லை, துருக்கிக்காரன் இல்லை.

தமிழ்நாட்டில் 2020-ல் விவசாயம் செழித்தது. வயலில் அல்ல, கம்ப்யூட்டர் சென்டர்களில். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில் திடீரென்று ஆயிரக்கணக்கில் புது விவசாயிகள். நிலம் இல்லாதவர்கள், ஏர் எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவர்கள், "கொரோனா பணம் தர்றாங்க, ஆதார் நகல் கொடுங்க" என்று ஏஜென்ட் சொன்னதை நம்பிக் கொடுத்தவர்கள். அதிகாரிகளின் லாகினும் பாஸ்வேர்டும் தனியார் கைகளுக்குப் போயிருந்தன. விஏஓவிடம் சிட்டா அடங்கல் வாங்க நடையாய் நடந்த உண்மையான விவசாயி பாக்கி இருக்க, இங்கே ஐந்து நிமிடத்தில் விவசாயி உற்பத்தியானார். அந்தச் செப்டம்பரில் வேளாண் துறைச் செயலர் ககன்தீப் சிங் பேடி கணக்குச் சொன்னார்: தகுதி இல்லாதவர்கள் ஐந்தரை லட்சம் பேர், போன பணம் 110 கோடி, அதுவரை மீட்டது 32 கோடி. எண்பது பேர் பணிநீக்கம், பதினெட்டுப் பேர் கைது. துக்ளக்கின் நூறு அதிகாரிகள் எழுபது லட்சம் தங்காவைச் சாப்பிட இரண்டு வருடம் ஆனது, குதிரை வேறு தேவைப்பட்டது. இங்கே இன்டர்நெட் இருந்தால் போதும்.

இந்தக் கள்ள விவசாயிகளைக்கூடப் பிடித்துவிடலாம், பிடித்தார்கள். சட்டப்படி நடந்ததில்தான் பெரிய வேடிக்கை. பி.எம். கிசான் பணம் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. குத்தகைக்கு உழுகிறவருக்குக் கிடையாது. தஞ்சாவூர்ப் பக்கம் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாக உழுகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டா சாமி பெயரில். சாமிக்கு ஆதார் இல்லாததால் அரசுக்கு 6,000 மிச்சம். கேரளத்தில் 1970 முதல் நிலக் குத்தகையே சட்டப்படி கிடையாது. உழுபவனுக்கே நிலம் கொடுத்த முற்போக்குச் சட்டம் அது. நிலம் கிடைத்தவரின் மகன் துபாய்க்குப் போக, அந்த வயலை வாய்ப்பேச்சுக் குத்தகையில் வேறொருவர் உழுகிறார். அவரிடம் இருப்பது மண்வெட்டி. காகிதம் எதுவும் இல்லை. பணம், சொன்னபடி நேராக, பட்டாக்காரர் கணக்குக்குப் போகிறது.

அந்தக் குத்தகைக்காரர் உரக்கடைக்குப் போனால் யாரும் பட்டா கேட்பதில்லை. விரல் இருந்தால் போதும், மூட்டை கிடைக்கும். ஆலைக்காரர் தின்று, பழைய மெஷின் தின்று, கடன் வட்டி தின்று, மிஞ்சிய மானியம் அந்த மூட்டையில் வந்து அவர் வயலில் விழுகிறது. ரெண்டாயிரம் வருடமாக அரசுகள் உழவனுக்கு அனுப்பிய பணத்தில், கோணல் வழியில் வந்தது பாதியாவது உழுகிறவனைச் சேர்ந்திருக்கிறது. நேர்வழியில் வந்தது பத்திரம் வைத்திருக்கிறவனோடு நின்றுவிட்டது. வழியை நிமிர்த்தக் கிளம்பும் அடுத்த கமிட்டிக்காரர்கள் வாய்க்கால் வெட்டுவதற்கு முன்னால் வயலில் நிற்பது யார் என்று ஒரு தடவை எண்ணிப் பார்க்கட்டும். எண்ணுவதற்குத் தனி இலாகா மட்டும் திறக்க வேண்டாம். குதிரை விலை இப்போது அதிகம்.